எந்த நூலை வைத்து டிசைனைச் சரிபார்ப்பது?

கேள்வி: உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்பைப் பார்க்கிறேன். 500 கேவிஏ டிரான்ஸ்பார்மரோடு புதிய ஷெட் வருகிறது. கான்ட்ராக்டர் தந்த டிசைன் சரிதானா என்று பார்க்க எந்தத் தரநிலையை எடுப்பது?

பதில்: எல்லாம் அடங்கிய ஒரே நூல் கிடையாது. முதலில் சட்டம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை மீறிய டிசைன் வேறு எதில் தேறினாலும் பயனில்லை. அடுத்து இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) வெளியிட்ட தேசிய மின் விதித்தொகுப்பு, எஸ்.பி. 30. தொழிற்கூடங்களுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. அங்கிருந்து ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தரநிலைகளுக்கு: வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்திங்குக்கு 3043, கேபிள் தாங்கும் கரண்டுக்கு 3961, பேனலுக்கு ஐ.எஸ்./ஐ.இ.சி. 61439 என்று போகலாம்.

எண் சரியாக இருந்தாலும் ஆண்டைப் பாருங்கள். காலாவதியான 1956 மின்சார விதிகளும், 61439 வந்தபின் விலக்கப்பட்ட ஐ.எஸ். 8623-உம் பழைய டெண்டரிலிருந்து நகலெடுக்கப்பட்டு இன்றும் வருகின்றன. கான்ட்ராக்டரின் தாளில் இவை இருந்தால், மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடே படியுங்கள்.

நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டியது எர்த்திங்குக்கான 3043. குழியில் உப்பும் கரியும் கொட்டி மின்தடை (ஓம்) குறைந்துவிட்டால் எர்த்திங் முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் நியூட்ரலின் எர்த் குழி 2 ஓம், மெஷினின் எர்த் குழி 2 ஓம். ஃபேஸ் மெஷின் பாடியைத் தொட்டால், மண் வழியாக மட்டும் திரும்பும் கரண்ட் 230-ஐ 4-ஆல் வகுத்தால் வருவது, ஏறத்தாழ 57 ஆம்பியர். 63 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. பாடியில் சுமார் 115 வோல்ட் அப்படியே நிற்கும்; தொடுகிற தொழிலாளியின் உயிர் போகும். மண்ணை நம்பாமல் உலோகப் பாதை இருந்தால்தான் பெரிய கரண்ட் பாய்ந்து பிரேக்கர் விழும். அதனால் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் டிரான்ஸ்பார்மர் நியூட்ரல் வரை உலோக எர்த் கண்டக்டர் அறுபடாமல் ஓடுகிறதா என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுங்கள்.

பிறகு ஃபால்ட் லெவல், அதாவது ஷார்ட் ஆனால் பாயக்கூடிய அதிகபட்ச கரண்ட். 433 வோல்ட்டில் உங்கள் டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமை கரண்ட் 667 ஆம்பியர். பெயர்ப்பலகையில் இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்றிருந்தால் 667-ஐ 0.045-ஆல் வகுக்க, ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 15 கிலோ ஆம்பியரை நெருங்கும். மெயின் பேனலில் 10 கிலோ ஆம்பியர் வரை மட்டுமே துண்டிக்கக்கூடிய பிரேக்கர் போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேபிளுக்கு 3961 தரும் கரண்ட் அளவு காற்றில் 40 டிகிரி வெப்பத்துக்கானது. தகரக் கூரைக்குக் கீழே, ஒரே டிரேயில் பத்து கேபிள் படுத்தால் அது குறையும். எவ்வளவு குறைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பேனல் செய்பவரிடம் 61439 படி நடந்த சோதனை அறிக்கையையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.