பாரிமுனைக் கல்தூண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. இருபது ஆண்டுகளாக அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். போன வாரம்தான் நின்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், “அது வெள்ளைக்காரத் துரை சமாதி, அதனால்தான் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்” என்றார். என் நண்பர் மைல்கல் என்று சாதிக்கிறார். எது சரி?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

இரண்டும் இல்லை. மைல்கல் என்றுதான் நானும் கல்லூரி நாட்களில் நினைத்திருந்தேன். உங்கள் நண்பரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பெரியவரை அப்படிச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

அது எல்லைக்கல். 1773 ஜனவரி 1 என்று தேதி வெட்டியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி இப்படி ஆறு தூண்களை நட்டது. மிஞ்சியது இது ஒன்றே. இதற்குத் தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை வரைக்கும் யாரும் எதுவும் கட்டக் கூடாது என்பது உத்தரவு. இந்த முனைக்குப் பெயர் கொடுத்த வணிகர் தாமஸ் பாரி சென்னையில் வணிகம் தொடங்கியது 1788இல்தான். அதாவது, பாரி வருவதற்கு முன்பே முனையில் கல் நின்றது.

ஏன் கட்டக் கூடாது? பெரியவர் சொன்ன சமாதி இங்கேதான் வருகிறது. இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரியும் இருக்கும் இடத்தில் அன்று ஓர் ஊரே இருந்தது. வெள்ளையர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். அதன் ஓரத்தில் ஆங்கிலேயரின் இடுகாடு. 1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தக் கல்லறைகளின் மறைவில் இருந்துகொண்டு தாக்கியது. செத்தவர்களுக்குப் பெருமையாக எழுப்பிய கல், உயிரோடிருந்த எதிரிக்குக் கேடயமாயிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில் முற்றுகை விலகியது. பிறகு ஆங்கிலேயர் தங்கள் கல்லறைகளைத் தாங்களே இடித்து, பெயர் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தளமாகப் பாவினார்கள்.

ஊரும் தப்பவில்லை. அங்கிருந்த பட்டணம் கோயில் முற்றுகைக்கு முன்பே, 1757இல், இடிபட்டுவிட்டது. அதில் இருந்த சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் பிறகு பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மிச்சமிருந்த வீடுகளும் இடிபட்டன. கோட்டைப் பீரங்கிக்கு எதிரே மறைவே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த வெட்டவெளி மீண்டும் நிரம்பிவிடாமல் இருக்கவே ஆறு தூண்கள்.

ஆனால் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஊசிக்கோபுரம் போன்ற ஒரு கல்லறை இடிபடாமல் நிற்கிறது. அது ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரிக்கு உரியது. அவர் 1680இல் இறந்தார். அதே ஆண்டில் அவர் மனைவி கேத்தரின், எலைஹு யேல் என்பவரை மணந்தார். பின்னாளில் சென்னையின் ஆளுநரானவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். அவர்களுடைய சின்னஞ்சிறு மகன் டேவிட் இறந்தபோது, இதே கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள். மனைவியின் முதல் கணவருக்குப் பக்கத்தில் தன் பிள்ளையைக் கிடத்திய அந்தத் தகப்பன் என்ன நினைத்திருப்பார் என்று சில நேரம் யோசிப்பேன். மற்றபடி யேல்மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

கட்டவே கூடாது என்று கல் நட்ட நிலத்தில் 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது. ஆக்கிரமிப்பு வழக்குகள் இன்று அங்கேதான் விசாரிக்கப்படுகின்றன! வெட்டவெளி போய்விட்டாலும், அதற்கு வழங்கிய எஸ்பிளனேடு என்ற பெயர் மட்டும் காவல் நிலையப் பலகையில் தங்கிவிட்டது.

அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால், சமாதி சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.