பாட்டுப் பெட்டியை எப்படி அடுக்குவது?

*கேள்வி: என் தகப்பனார் விட்டுச்சென்ற மரப்பெட்டியில் நாடகப் பாடகர் கிட்டப்பாவின் இசைத்தட்டுகள், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம், காவடிச்சிந்து, கிறிஸ்தவக் கீர்த்தனைகள், கோயில் கொடை விழாவில் பதிந்த வில்லுப்பாட்டு கேசட்டுகள், சினிமாப் பாட்டுகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பக்தி, சினிமா, நாட்டுப்புறம் என்று பிரித்துவிடலாமா, ஐயா?*
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பிரிக்கத் தொடங்கினால் காவடிச்சிந்திலேயே கை நின்றுவிடும். அதைப் பக்தியில் சேர்ப்பீர்களா, நாட்டுப்புறத்தில் சேர்ப்பீர்களா, கச்சேரிப் பாட்டு என்பீர்களா? என் அலமாரியில் நான் வகை பார்ப்பதில்லை. ஒரு பாட்டை அதன் முதல் ரசிகர்கள் எந்த நிலையில் இருந்து கேட்டார்களோ, அதன்படி அடுக்குகிறேன். நடந்துகொண்டே கேட்டவை ஒரு தட்டு, தெருவில் நின்று கேட்டவை ஒரு தட்டு, தரையில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டவை இன்னொரு தட்டு.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடைக்காகப் பாடியவை அந்தச் சிந்துகள். காவடியைத் தோளில் சுமந்தவனின் கால்தான் அவற்றுக்குத் தாளம். சபாவில் கடைசியில் வரும் சிறு பாட்டாக, துக்கடாவாக, அவற்றை விரைந்து பாடும்போது சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன; நடக்கிற வேகத்தில் பாடினால் ஒவ்வொரு எதுகையும் அடுத்த அடி வைப்பதற்குள் காதில் பதிந்துவிடும். 1891இல் ரெட்டியார் மறைந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை என்பதை இங்கே சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

*கேள்வி: எங்கள் ஊர்க்காரரான கிட்டப்பாவின் இசைத்தட்டுகளில் பாட்டு ஏன் அவ்வளவு அவசரமாக முடிகிறது?*
— வாசகி, செங்கோட்டை

பதில்: அவசரம் அவருடையதன்று, தட்டினுடையது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்தக் கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் பதிய முடியும். ஒலிபெருக்கியில்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ரசிகர்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கக் கேட்க வளர்த்துப் பாடிப் பழகிய குரலை அந்தக் கால அளவுக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஆகவே அவருடைய கிருதிகளைவிட விருத்தங்களையே நான் மேலாக மதிக்கிறேன். வள்ளலாரின் ‘கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும் வகை’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது; பல்லவி, அனுபல்லவி என்று முடித்துக்காட்ட வேண்டிய கடனும் கிடையாது. அதனால் எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்று சஞ்சரிக்க அவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அவர் 1906இல் பிறந்து 1933இல் மறைந்தவர். தட்டுகளில் எஞ்சியிருப்பது அவருடைய கலையில் மிகச் சிறு பகுதியே.

*கேள்வி: ‘சிங்கார வேலனே தேவா’ பாட்டில் உயர்ந்தது குரலா, நாகஸ்வரமா?*
— வாசகர், சேரன்மகாதேவி

பதில்: காருகுறிச்சிக்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்லித் தப்புவது? 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யின் அந்த ஆபேரி ராகப் பாட்டில், நாகஸ்வரம் விடுகிற ஸ்வரங்களை எஸ். ஜானகி குரலால் திருப்பிக் கொடுப்பது பெரிய சாதனைதான். வாத்தியத்துக்கு இயல்பாக வருகிற கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற நெளிவு, குரலுக்கு எளிதில் வராது. ஆனாலும் அதில் நாகஸ்வரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலத்தை அந்த ஒரு பாட்டைக்கொண்டு அளப்பது நியாயமில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்றவர் அவர். சுவாமி புறப்பாட்டில், தவில் ஓய்ந்திருக்கும் நேரத்தில், தெருமுனையில் நின்று ஒரே ராகத்தை நெடுநேரம் வாசிப்பதற்கென்றே ஏற்பட்ட கலை அது. அவருடைய கச்சேரிப் பதிவு எதுவாவது உங்களிடம் இருந்தால், அதைச் சற்றுத் தள்ளி, வேறோர் அறையில் ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பாருங்கள். நாகஸ்வரம் காதருகே கேட்பதற்கான வாத்தியமன்று.

*கேள்வி: கிறிஸ்தவக் கீர்த்தனைகளைக் கர்நாடக இசையோடு சேர்த்து வைக்கலாமா?*
— வாசகர், நாசரேத்

பதில்: தாராளமாக வைக்கலாம். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் ராகமும் தாளமும் அமைத்தே பாடினார். என் முறைப்படி, தேவாலயச் சபையார் எல்லாரும் சேர்ந்து பாடுபவை அவை என்பதால் என் அலமாரியில் அவற்றுக்குத் தனித் தட்டு உண்டு. பஜனைப் பாடல்களும் அதே தட்டில்தான் இருக்கின்றன.

*கேள்வி: கொடையில் பதிந்த எங்கள் வில்லுப்பாட்டு கேசட்டில் ஒரே கூட்டச் சத்தம். கணினியில் ஏற்றும்போது அதை நீக்கிவிடலாமா?*
— வாசகி, நாங்குநேரி

பதில்: நீக்க வேண்டாம். நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்தில் குடமும் உடுக்கையும் ஏறி ஒலிக்க, பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட, நடுவே குலவைச் சத்தம் எழுந்தால்தான் அது வில்லுப்பாட்டு. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான் ஓடும் என்பதால், பக்கம் மாற்றிய இடத்தில் கதையில் சிறிது விடுபட்டிருக்கும். அந்தப் பகுதியை ஊரில் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கேசட்டின் விளிம்பிலுள்ள இரண்டு சிறு தகடுகளையும் இன்றே உடைத்துவிடுங்கள். தவறிப்போய் யாரும் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. நாடாவில் பூஞ்சை வெண்மையாகப் படர்ந்திருந்தால், அதை நன்கு துடைத்துச் சுத்தம் செய்யும்வரை டேப் ரெக்கார்டரில் போடாதீர்கள். அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் அது தொற்றிவிடும்.