தள்ளிவைப்பா, ரத்தா?

கேள்வி: பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஷிப்மென்ட் 'புட் ஆஃப்' ஆகிவிட்டதாக வந்த மின்னஞ்சலைக் கண்டு, ஆர்டரே ரத்தாகிவிட்டதென்று பதறிவிட்டேன். இத்தகைய ஆங்கிலத் தொடர்களை எவ்வாறு கற்பது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைத்தல், ரத்து செய்வதோ 'கால் ஆஃப்'. வினையோடு இன்னொரு சொல் சேர்ந்து பொருள் மாறுவது நமக்கும் புதிதன்று. 'தள்ளிப்போடு', 'தள்ளிவிடு' இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே! இத்தொடர்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண்வேலை என்பேன். நூல் தீர்ந்துபோனால் 'ரன் அவுட் ஆஃப் யார்ன்' என்று, அன்றாடம் கையாளும் பொருளோடு சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். பலரும் இடறுவது சொல்வரிசையில்தான்: 'புட் த மீட்டிங் ஆஃப்', 'புட் ஆஃப் த மீட்டிங்' இரண்டும் சரியென்றாலும், பெயருக்குப் பதிலாக 'இட்' (அது) வந்தால் 'புட் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்ளுதல்) போன்றவற்றை இப்படிப் பிரிக்கவே இயலாது.