ஒரு சிப்பாய் அதிகம், இருந்தும் டிரா

வணக்கம். ஒரு போட்டியில் சமபலமுள்ள இருவரின் செஸ் ஆட்டத்தை முழுக்கப் பார்த்தேன். கடைசியில் ஒருவரிடம் யானையும் ஒரு சிப்பாயும், மற்றவரிடம் யானை மட்டும். அவர் அதை ஒரே வரிசையில் இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு கைகுலுக்கி டிரா. சிப்பாய் அதிகம் உள்ளவர் ஏன் விட்டுக்கொடுத்தார்? இத்தனை மணி நேரம் ஆடியது வீண்தானே?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சலிப்போடு பார்த்த அந்த இடவல நகர்த்தல்தான் ஆட்டத்தின் உச்சம். பிலிடோர் தற்காப்பு என்பார்கள். பிலிடோர் 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர், இசையமைப்பாளரும்கூட. சிப்பாய் போகும் வழியைத் தற்காப்பவரின் ராஜா மறித்து நிற்க, யானை தன் பக்கத்து மூன்றாம் வரிசையைக் காக்கும். எதிரி ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. வேறு வழியின்றிச் சிப்பாயை அங்கே தள்ளினால், உடனே யானை பலகையின் மறுகோடிக்கு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கும். சிப்பாய் முன்னே போய்விட்டதால் எதிரி ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. அவசரப்பட்டுச் சீக்கிரமே ஓடியிருந்தால் தற்காப்பு சிக்கலாகியிருக்கும். இது இருவருக்கும் தெரியும், அதனால்தான் கைகுலுக்கினார்கள். இழுத்தடித்தாலும், சிப்பாய் நகராமல், எந்தக் காயும் வெட்டப்படாமல் 50 நகர்த்தல்கள் போனால் டிரா கேட்கலாம் என்ற விதி வந்து முடித்துவைத்திருக்கும்.

வீணா என்று கேட்டீர்களே, அதற்கு ஓர் உதாரணம்: 2018 உலக சாம்பியன்ஷிப்பில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிரா. ஆறாவது ஆட்டத்தில் கருவானா ஒரு காய் கூடுதலாக வைத்திருந்தார். கார்ல்சன் எதிரி நுழைய முடியாதபடி காய்களை அரணாக நிறுத்தி, 80-ஆவது நகர்த்தல் வரை தாக்குப்பிடித்தார். வெற்றிக்கு ஒரு வழி இருந்ததைக் கணினி காட்டியது. பலகைக்கு முன்னால், கடிகாரம் ஓடும்போது, மனிதர் கண்ணுக்கு எளிதில் படாத வழி அது. அந்த ஆட்டத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எனக்குப் பிடிக்காத டிராவும் உண்டு. பதினைந்து நகர்த்தலில், காய்கள் மோதுவதற்கு முன்பே ஒத்துக்கொண்டு எழுந்து போவது. அந்த 2018 போட்டியில் 30 நகர்த்தலுக்கு முன் டிரா கேட்கவே கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். எல்லாப் போட்டிகளிலும் அது இருக்க வேண்டும் என்பேன்.

நீங்கள் பார்த்த ஆட்டத்தின் குறிப்பு கிடைத்தால், அந்தச் சிப்பாய் எப்போது போனது என்று தேடிப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் நிலைமை மோசமாகும்போது தெரிந்தே ஒரு சிப்பாயைக் கொடுத்து, மற்ற காய்களை வெட்டி மாற்றிக்கொண்டு இந்த முடிவாட்டத்துக்கு வந்து சேர்வார்கள். அப்படி நடந்திருந்தால், டிராவுக்கான கணக்கைச் சிப்பாயை இழந்தவர் அங்கேயே போட்டுவிட்டார்.