“எங்கட கதை அந்தப் பிள்ளைக்கு விளங்கேல்ல”

கேள்வி: எனக்கு வயது 27. கவுன்சலிங் சைக்காலஜியில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வாரம் ஒரு நாள், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குப் போகிறேன். அங்கே ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா இரண்டு முறை என்னிடம் வந்தார். “ஒரே யோசனை, நெஞ்சுக்குள்ள அந்தரமாக் கிடக்கு, நித்திரை இல்லை” என்றார். “என்ன யோசனை, சொல்லுங்கம்மா” என்று கேட்டேன். என்ஜினீயரிங் முடித்த மகன் பெயிண்ட் அடிக்கப் போகிறான் என்று அழுதார். “அவன் வாழ்க்கையை அவன் பார்த்துக்கொள்வான், உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்” என்று சொல்லி, மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தேன். மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. “நல்ல பிள்ளைதான், ஆனா எங்கட கதை அந்தப் பிள்ளைக்கு விளங்கேல்ல” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் அலுவலகக் கூட்டத்தில் இதைச் சொல்லி, பண்பாட்டு வேறுபாடு பற்றிப் பயிற்சி வேண்டும் என்று கேட்டேன். “அவங்களும் தமிழ்தானே, இதுல என்ன பண்பாட்டு வேறுபாடு? மனசு எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று மூத்தவர் முடித்துவிட்டார். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த அம்மாவின் சொற்களைப் பார்ப்போம். நம் ஊரில் ‘ஒரு யோசனை’ என்றால் ஐடியா. ஈழத்துப் பேச்சில் ‘ஒரே யோசனை’ என்றால் ஓயாத கவலை. ‘அந்தரம்’ என்றதும் நமக்கு நடுவானில் தொங்குவது நினைவுக்கு வரும். அவர்கள் இருப்புக்கொள்ளாத தவிப்பை அப்படிச் சொல்கிறார்கள். முதல் நாளே தன் நிலையை அவர் முழுதாகச் சொல்லிவிட்டார். நீங்கள் கேட்ட ‘என்ன யோசனை’ அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரே மொழி என்பதுதான் இங்கே வில்லங்கம். ஒடிசாவிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்தவர் எதிரே உட்கார்ந்தால், நமக்குப் புரியவில்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மொழி தெரிந்த ஆளைத் தேடுவோம். தமிழ் பேசுகிறவர் வந்தால் தேடுவதே இல்லை. அதிலும் முகாமில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், மலையகப் பின்னணி கொண்டவர்கள் என்று 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள் அவர்கள். மலையகத்தாரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள். அவர்களுடைய பேச்சே வேறு, இழப்பும் வேறு.

அடுத்தது அந்த மகன். இந்தியாவில் 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை கிடைக்கும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பற்றியது. இலங்கை அதில் இல்லை. முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, பட்டம் வாங்கிய பையன் நேர்முகத் தேர்வில் எந்த ஆவணத்தை நீட்டுவான்? அதனால்தான் முகாம்களில் பட்டதாரிகளும் பெயிண்ட் டப்பாவைத் தூக்குகிறார்கள். ‘அவன் பார்த்துக்கொள்வான்’ என்று நீங்கள் சொன்னபோது, அவனால் பார்த்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தாய்க்குத் தெரியும். பிள்ளையை விட்டு விலகி நிற்கப் பழகு என்ற அறிவுரை வேறு ஒரு தாய்க்குப் பொருந்தலாம். இவருக்கு அது தன் கவலையைக் குறையாகப் பார்த்தது போல இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மனநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி ஆளுடையது மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்டது என்று தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார். கவுன்சலிங்குக்கு இலங்கையில் வழங்கும் பெயரே ‘உளவளத்துணை’. நாம் ‘ஆலோசனை’ என்கிறோம். அந்த அம்மா துணை கேட்டு வந்தார், நீங்கள் ஆலோசனை கொடுத்தீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர் பேசும்போது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தீர்களா? முகாம் மக்கள் தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சின் கண்காணிப்பில், கணக்கெடுப்புக்கும் பதிவேட்டுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள். நம் பேனா அவர்களுக்கு வேறு பேனாக்களை நினைவூட்டும். மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், எதற்காக எழுதுகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு உறுதியாக நான் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் தன் டிபன் பாக்ஸை மட்டும் யாரும் தொடுவதில்லை, தன் சாதி தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான் என்றார். நான் படித்தபடியே நடந்தேன். தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, அந்த எண்ணத்துக்கு ஆதரவான சான்றுகளை ஒரு பக்கமும் எதிரான சான்றுகளை மறுபக்கமும் எழுதிவரச் சொன்னேன். அடுத்த வாரம் கொண்டுவந்தார். இடது பக்கம் நுணுக்கி எழுதி, இடம் போதாமல் பின்பக்கமும் போயிருந்தது: தேதி, யார் என்ன சொன்னார், யார் நாற்காலியை நகர்த்தினார். வலது பக்கம் வெறும் தாள். “இதுல எது என் கற்பனைனு நீங்களே சொல்லுங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. நடந்ததை நடந்ததாகக் கேட்பதற்குப் பதிலாக, அவர் மனதில் கோளாறு தேடியிருக்கிறேன். சாதி பார்க்காத ஆள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்ததால், அந்த மேசையில் எனக்கு எப்போதும் இடம் இருந்தது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

சரி, மூத்தவர் விஷயத்துக்கு வருகிறேன். இது உங்கள் தலைமுறை கிளப்பும் புதுக் கதை இல்லை. 1992இல் அமெரிக்காவில் டெரல்ட் விங் சூ, பாட்ரீசியா அரெடோண்டோ, ரோடரிக் மெக்டேவிஸ் மூவரும், பல பண்பாட்டு மக்களோடு வேலை செய்யும் ஆலோசகருக்கு வேண்டிய 31 திறன்களை வகுத்தார்கள். அதில் முதலில் வருவது, ஆலோசகர் தன் சார்புகளைத் தானே அறிந்திருப்பது. மனநோய்களைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் பண்பாடு பற்றிய நேர்காணல் ஒன்றே இருக்கிறது, மொத்தம் 16 கேள்விகள். இந்தப் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம், உங்கள் ஆட்களிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது தொடக்கத்திலேயே வரும். வேறு வேறு பின்னணியில் வளர்ந்ததால் நாம் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்வோமோ என்ற கவலை உங்களுக்கு உண்டா என்று கடைசிக் கேள்வி கேட்கிறது. முகாமில் முதல் நாளே இந்த இரண்டையும் கேட்டிருந்தால் எவ்வளவு திறந்திருக்கும்!

‘எங்களுக்கு எல்லாம் தெரியும்’ என்பவர்களிடம் நான் சொல்வது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்றை. ஒருபால் ஈர்ப்பு கொண்ட இரண்டு பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இதைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகப் பதிவு செய்துவிட்டு, ஓர் உளவியலாளர் முன் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூனில் அவர் உத்தரவு பிறப்பித்தார். ஒருபால் ஈர்ப்பு கொண்டவர்களை ‘மாற்றும்’ சிகிச்சைக்கும் அதில் தடை விதித்தார். உயர் நீதிமன்ற நீதிபதியே எனக்குத் தெரியாது, சொல்லுங்கள் என்று அமரும்போது, நாம் அமர்வதில் என்ன குறை வந்துவிடும்?

ஆனால் கூட்டத்தில் வாதாடிப் பலன் இருக்காது. பதிவேட்டை எடுங்கள். கடந்த ஓராண்டில் முதல் அல்லது இரண்டாம் சந்திப்போடு நின்றுபோனவர்கள் யார், எந்த ஊர், என்ன பின்னணி என்று ஒரு தாளில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். மூத்தவரிடம் தனியாகக் காட்டுங்கள். ஒருநாள் பயிற்சி வகுப்பையும் கேட்காதீர்கள். சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியதோடு அது முடிந்துவிடும். வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் பேசும்போது, ‘இவர் வாழ்க்கையில் எனக்குத் தெரியாதது எது, அதை யாரிடம் கேட்டேன்’ என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984இல் அகதிகளே தொடங்கிய அமைப்பு. அங்கிருந்து ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து, அவருடைய நேரத்துக்கு உரிய பணமும் கொடுத்து, உங்கள் குழு கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்புறம், அந்த அம்மா. வீடு தேடிப் போகாதீர்கள், அடுத்தடுத்த வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சொல்லியனுப்பிய அந்த அக்காவிடமே, “நீங்க சொன்னது சரி, எனக்கு விளங்கலை, திரும்பவும் கேட்க ஆசைப்படுறேன்” என்று மட்டும் சொல்லியனுப்புங்கள். வந்தால், மகன் என்ன படித்தான், எங்கெல்லாம் வேலை கேட்டுப் போனான் என்பதிலிருந்து தொடங்குங்கள். வராவிட்டாலும் அடுத்த வாரம் அதே இடத்தில், அதே நேரத்தில் போய் உட்கார்ந்திருங்கள்.