கேளுங்க, சொல்றேன்: பொட்டு ஒட்டின மேப்

அக்கா, என் பொண்ணு பாலக்காட்டுல காலேஜ் படிக்கறா. போன வாரம் அங்க டவுன் மேப்ப பெருசா தரையில விரிச்சு, பயமா இருக்கற எடத்துல சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, சந்தோஷமான எடத்துல பச்சைப் பொட்டு ஒட்டச் சொன்னாங்களாம். கேட்டா ஆர்ட்டுங்கறா. நான் வாங்கி வெச்சிருந்த பொட்டு அட்டை ரெண்டும் காலி. இது நெஜமாவே கலையா?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பொட்டு அட்டை போனதுக்கு மொதல்ல என் அனுதாபம்.

மலம்புழா யக்ஷி சிலை, அந்தப் பெரிய நிர்வாணப் பொம்பள சிலை, பாத்திருப்பீங்க, கானாயி குஞ்ஞிராமன் 1969ல செஞ்சது. அத அவர் செஞ்சாரு, நாம பாக்கறோம், சில பேரு பிள்ளைங்கள இழுத்துட்டு வேகமா தாண்டிப் போறோம் (நானும்தான், பத்து வருஷத்துக்கு முன்னாடி). உங்க பொண்ணு ஒட்டினது வேற வகை, பாக்க வந்தவங்களே செய்யறது. கிறிஸ்டியன் நோல்டுன்னு ஒரு கலைஞர் 2004ல இருந்து இதையே மெஷின் வெச்சு செஞ்சாரு. விரல்ல சென்சார், கூட ஒரு ஜிபிஎஸ், மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள ஒரு நடை போயிட்டு வரணும், அவ்வளவுதான். மனசு படபடன்னா விரல் லேசா வேர்க்கும்ல, அப்ப தோல்ல கரண்ட் கொஞ்சம் சுலபமா பாயும், அத அளந்து எந்த எடத்துல ஏறுச்சோ அந்த எடத்த மேப்ல மேடு மாதிரி காட்டும். லண்டன் பக்கம் கிரீன்விச்லயும் அப்புறம் சான் பிரான்சிஸ்கோவுலயும் ஊர்க்காரங்களையே நடக்க விட்டு இப்படி மேப் போட்டாரு.

இதுல வேடிக்கை என்னன்னா, மெஷினுக்கு ஏறுச்சுன்னு மட்டும்தான் தெரியும், எதுக்குன்னு தெரியாது. நாய் தொரத்தினாலும் ஏறும், ரோடு தாண்டறப்ப லாரி வந்தாலும் ஏறும், ஒரு காலத்துல பாத்துப் பாத்து சிரிச்ச ஆளு எதுத்தாப்புல வந்தாலும் ஏறும். அதனால நடந்துட்டு வந்தவங்கள உக்கார வெச்சு, இந்த மேடு என்ன, இங்க என்ன ஆச்சுன்னு கேட்டு அவங்களையே எழுதச் சொல்ல வேண்டி வந்துச்சு. என்னக் கேட்டா அந்தப் பேச்சுதான் ஆர்ட்டு, மெஷினும் பொட்டும் வெறும் சாக்கு. பொட்டுக் கணக்க விடுங்க, அவ எங்க சிவப்பு ஒட்டினான்னு கேட்டீங்களா?

எதுக்கு வெளிநாட்டுக் கதை? நெலத்துக்கும் மனசுக்கும் முடிச்சுப் போட்டது நம்ம ஐந்திணை இல்லையா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தூர், பாலக்காடு)

ஐயா, எதுக்கெடுத்தாலும் நாங்க அப்பவேன்னு ஆரம்பிக்கறது எனக்கு அலுப்புங்க, ஆனா இந்த விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. குறிஞ்சின்னா கூடறது, நெய்தல்னா இரங்கறது, மருதம்னா ஊடல்னு பக்காவா பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒரே கொறை, அது புலவர்கள் போட்ட மேப். நெய்தல்ல இருக்கற மீன்காரம்மாகிட்ட போயி, உனக்கு நெஜமாவே இரங்கல்தானா இல்ல இன்னிக்கு மீன் வெலை பத்தின கவலையான்னு யாரும் கேக்கல.

எனக்குப் பிடிச்சது பாலை. அதுக்குன்னு தனி நெலம் கெடையாது, முல்லையும் குறிஞ்சியும் தன் கொணம் கெட்டுப் போனா பாலை ஆயிரும்னு சிலப்பதிகாரம் சொல்லுது, உங்களுக்கு நான் சொல்லணுமா. எங்க பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டு அப்படித்தான். சாயங்காலம் நாலு மணிக்கு கடலை வாசனையும் பிள்ளைங்க கூச்சலுமா ஒரு எடம், ராத்திரி கடைசி பஸ் போயிருச்சோன்னு ஒத்தையில நிக்கறப்ப அதே எடம் பாலை. அதனால யாரு பொட்டு ஒட்டினாலும் பக்கத்துல மணி எழுதுங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்.

எங்க தெரு மேல முழுக்க சிவப்பு ஒட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப வாடகைக்கு வர்றவன் கூட யோசிக்கறான். இது நியாயமா?
(வாசகர், பாலக்காடு)

இல்லைங்க அண்ணா. நீங்க கோவப்படறது சரி.

நானும் இந்தத் தப்பு பண்ணிருக்கேன். வாளையார் பக்கம் ஒரு வாயனசாலையில (நம்ம படிப்பகம் மாதிரி) ஞாயித்துக்கெழமை சாயங்காலம் மேப்ப செவுத்துல மாட்டி ஊரையே கூப்பிட்டோம், வந்தது பூரா ஆம்பளைங்க, அதுலயும் பாதிப்பேரு கேரம் ஆட வந்தவங்க. மேப் பச்சைப் பசேல்னு வந்துச்சு, கள்ளுக்கடை சந்து உட்பட. எனக்கு சிரிப்பா வந்துச்சு, கஞ்சிக்கோடு கம்பெனிக்கு ஷிப்டு போற பொம்பளைங்க ஒருத்தரு கூட இல்ல. அடுத்த வாரம் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கே (கேரளாவுல பொம்பளைங்களோட சுய உதவிக் குழு) மேப்ப தூக்கிட்டுப் போனோம், அதே சந்து சிவப்பா மாறிருச்சு. அதனால மேப்ப பாத்தா யாரு ஒட்டினாங்க, எத்தன மணிக்கு, யாரு வரலன்னு மொதல்ல கேளுங்க. உங்க தெருவுல இருக்கறவங்க கையில ஒரு பொட்டாவது குடுத்தாங்களா?

அந்தக் கூட்டத்துல ஒரு அம்மா தமிழ்நாடு எல்லையில இருக்கற வாளையார் செக்போஸ்ட் மேல சிவப்ப ஒட்டினாங்க, கொஞ்ச நேரம் பாத்தாங்க, அது மேலயே பச்சைய ஒட்டினாங்க. 2020 மே மாசம் கொரோனா ஊரடங்குல பாஸ் இல்லாம வெயில்ல அங்க நின்ன கூட்டத்துல அவங்களும் ஒருத்தரு, இன்னிக்கும் பஸ் அங்க வேகம் கொறைஞ்சா வயித்தப் பெசையுதாம். ஆனா மகன் கோயமுத்தூருல இருக்கான், அந்த எடம் வந்தாத்தான் பக்கத்துல வந்துட்டோம்னு தோணுமாம். சிவப்புன்னாலே கெட்ட எடம்னு நெனைக்கறவங்களுக்கு அந்தப் பொட்ட காட்டணும்.

சிவப்பு வந்துட்டா ஒதுங்கித்தான் போகணும்னும் இல்ல. தெருவுல பொம்பளைங்கள சீண்டறத எதுத்து 2003ல பெங்களூர்ல தொடங்கின பிளாங்க் நாய்ஸ்காரங்க, பொம்பளைங்கள பார்க்குக்கு கூட்டமா வரச் சொல்லி புல்லு மேல படுத்துத் தூங்க வெச்சாங்க, பயந்த எடத்துல ஒரு தூக்கம். உங்க தெருவுல அதுக்கு முன்னாடி ஒரு லைட்டு போட்டாலே போதும்னு நெனைக்கறேன்.

எனக்குப் படமே வரைய வராது, நான் கலந்துக்கலாமா?
(வாசகி, கோவிந்தாபுரம்)

வராதவங்கதான் வேணும். கெவின் லிஞ்ச்னு ஒரு நகர ஆராய்ச்சியாளர் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள ஞாபகத்துல இருந்தே அவங்க ஊர வரையச் சொல்லி, 1960ல புத்தகமாவே போட்டாரு. எத பெருசா போடறாங்க, எத மறந்துட்டாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. நீங்களும் வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்து, வழியில உங்களுக்கு என்ன தோணுதோ எழுதி அனுப்புங்க. ரேஷன் கடைய விட கோயில் சின்னதா வந்தா பரவால்ல. மணி எழுதுங்க, வீட்டு நம்பர் மட்டும் வேணாம்.