கால்பந்தில் கோல்கீப்பராக ஆடி, பின்பு பயிற்சியாளராகச் சாதித்தவர் யார்?

நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஃபிரான்ஸ் ஹூக். நெதர்லாந்துக்காரர்.

ஆட்டக்காரராக அவர் நட்சத்திரம் இல்லை. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே வோலண்டாம் என்றொரு மீனவ ஊர். அந்த ஊர் அணிக்கு 1973 முதல் 1985 வரை கோல் காத்தார். தேசிய அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1985-ல் நெதர்லாந்தின் கால்பந்து மேதை யோஹான் கிரைஃப், ஆம்ஸ்டர்டாம் கிளப்பான அயாக்ஸின் பொறுப்பை ஏற்றபோது, கோல்கீப்பர்களைப் பழக்க ஹூக் அங்கே போனார். 12 வருஷம் இருந்தார்.

கீப்பர் பயிற்சி என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? ஓரமாக நிறுத்தி ஷாட் மேல் ஷாட்டாக அடிப்பார்கள், அவர் விழுந்து விழுந்து பிடிப்பார். ஹூக்குக்கு அது போதவில்லை. கீப்பர்களை அவர் இரண்டு வகையாகப் பார்த்தார். கோட்டிலேயே நின்று, ஷாட் வந்த பின் பாய்ந்து தடுப்பவர் ஒரு வகை. ஆட்டத்தை முன்கூட்டியே கணித்து, முன்னால் வந்து ஆபத்தை முளையிலேயே கிள்ளுபவர் இன்னொரு வகை. அயாக்ஸுக்கு வேண்டியது இரண்டாவது ஆள், அதுவும் காலால் நன்றாகப் பாஸ் போடத் தெரிந்த ஆள். 1992-ல் விதி மாறி, சக வீரர் காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று வந்தபோது, பல கீப்பர்கள் திணறினார்கள். ஹூக்கிடம் பழகிய எட்வின் வான் டெர் சாருக்கு அது பழகிய வேலை. 1995-ல் வியன்னாவில் ஏசி மிலானை 1-0 என வென்று ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை அயாக்ஸ் எடுத்தபோது கோலில் நின்றது அவர்தான்.

அப்புறம் ஹூக், அயாக்ஸில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த லூயி வான் ஹாலோடு பார்சிலோனா, பேயர்ன் மியூனிக், நெதர்லாந்து தேசிய அணி, மான்செஸ்டர் யுனைடெட் என்று போனார்.

ஆனால் எனக்கு ஹூக் என்றால் 2014 உலகக் கோப்பைக் காலிறுதிதான். நம் நேரப்படி நள்ளிரவு ஒன்றரைக்குத் தொடங்கிய ஆட்டம். கோஸ்டாரிகாவோடு நெதர்லாந்து ஆடிய கூடுதல் நேரமும் கோலில்லாமல் முடியப் போகிறது. அடுத்து பெனால்டி அடித்துத்தான் முடிவு. கடைசி நிமிடத்தில் கீப்பர் சிலெசனை வெளியே எடுத்து, டிம் க்ருலை இறக்கினார்கள். பெனால்டிக்காகவே ஒரு கீப்பர்! நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இப்படி நடக்கலாம் என்று க்ருலிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். மனம் கலையக் கூடாது என்று சிலெசனிடம் சொல்லவில்லை. வெளியே வரும்போது அவர் கோபத்தில் ஒரு பாட்டிலை உதைத்தார். க்ருல் ஐந்து பெனால்டிக்கும் சரியான பக்கமே பாய்ந்தார். ருயிஸ், உமான்யா இருவர் அடித்ததையும் தடுத்தார். 4-3. அந்தப் பாய்ச்சலுக்குப் பின்னால் இருந்த தயாரிப்பு வேலை கீப்பர் பயிற்சியாளருடையது. அந்த வேலையை மனதாரக் கொண்டாட வேண்டும் என்பேன்.

நான்கு நாள் கழித்து அரையிறுதியில், ஆள் மாற்ற அனுமதித்த மூன்று வாய்ப்புகளும் முன்பே தீர்ந்துவிட்டன. க்ருலை இறக்க வழியில்லை. அர்ஜென்டினாவின் செர்ஜியோ ரொமேரோ இரண்டு பெனால்டிகளைத் தடுத்து ஹூக்கின் அணியின் இறுதி ஆட்டக் கனவைக் கலைத்தார். அடுத்த வருஷம் அதே ரொமேரோ மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார். அங்கே அவரைப் பழக்கியவர் ஹூக்.